பெற்றோர் இசைவு: கம்பம் பள்ளத்தாக்கில் கொள்ளைநோய்க் காலமும் பள்ளிக்கூடமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்களைத் தன் நெடுக்கிற் கொண்டு, தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கும் நிலப்பகுதி கம்பம் பள்ளத்தாக்கு என வழங்கப்பெறும். முன்னர் மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதியாய் இருந்த இது, 1996 ஆம் ஆண்டிற் பிரித்தமைக்கப்பெற்ற தேனி மாவட்டத்தைச் சார்ந்தது. 1895 அக்டோபரில் பெரியாற்று அணை திறக்கப்பெற்றமையால், மேற்கே ஓடிக் கடலிற் கலந்த நீர் மலையைக் குடைந்த சுருங்கை வழியே கிழக்கு நோக்கித் திரும்பிற்று. அந்நீரால் இப்பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் நிலம் 14,707 ஏக்கர் என்பது பொதுப்பணித் துறையின் கணக்கு. நீர் மலையினின்றும் இறங்குகின்றது. ஆளோ மலைக்கு ஏறுகின்றார். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று கணவாய்களின் வழியே, வைகறையில் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் மீளும் கூலி மக்களின் போக்குவரவு, இப்பகுதி வாழ்வின் நாடித்துடிப்பு எனலாம். இவ்விரு செய்திகளையும் மனத்திற் கொண்டாலன்றி, ஈண்டு ஆராயப்புகும் பொருள் விளங்காது.

2020 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா நோய் கருதித் தமிழகப் பள்ளிகள் மூடப்பெற்றன. பின்னர் அவற்றைத் திறக்கும் காலம் நெருங்கியபோது, அரசு பெற்றோரை நோக்கி ஒரு வினா எழுப்பிற்று. பள்ளியைத் திறந்தால் உங்கள் பிள்ளையை அனுப்புவீர்களா என்பதே அதன் சாரம். விடை எழுத்தில் வேண்டப்பட்டது. அது பெற்றோர் கையொப்பம் இட்ட இசைவுக் கடிதம் ஆயிற்று. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புமாறு பெற்றோரை வேண்டியும், தூண்டியும், சட்டத்தாற் கட்டியும் வந்த ஒரு நாட்டில், அனுப்ப விருப்பமா என அரசே வினவியது பெரிதும் புதுமையான நிகழ்ச்சியாகும். அவ்வினாவினுள் மற்றொரு வினா மறைந்து கிடந்தது. அனுப்பாவிடின் அப்பிள்ளை பகற்பொழுதில் எங்கே இருக்கும் என்பதே அது. அரசு முன்னதைக் கேட்டது, பின்னதைக் கேட்கவில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் உழைக்கும் பெற்றோரோ பின்னதற்கு விடை கண்ட பிறகே முன்னதற்கு விடை தர இயன்றது. இக்கருத்தை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பள்ளியும் பெற்றோரும்

பெற்றோர் இசைவு என்பது பள்ளி வரலாற்றில் எந்நிலையில் இருந்தது என்பதை முதற்கண் காண்டல் வேண்டும். 1920 ஆம் ஆண்டுச் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், ஓரிடத்துப் பிள்ளைகள் அனைவரையும் பள்ளிக்கு வரச்செய்யும் ஆற்றலைச் சட்டத்தின் வாயிலாக முதன்முதலில் வழங்கிற்று. அதே ஆண்டு ஏப்ரல் 3 ஆம் நாள், குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. அதன் பின்னர்க் கள்ளர் சீரமைப்பு என்னும் பெயரால் தொடங்கப்பெற்ற பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடைபெற்று வருகின்றன. கைரேகை பதிவு செய்த கையே பள்ளிக்கூடமும் கட்டியது என்பதை மறத்தலாகாது. அக்காலத்துப் பெற்றோரிடம் இசைவு கேட்டார் இலர்.

1953 இல் சி. இராசகோபாலாச்சாரியார் ஆட்சியில் வந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளியிலும் எஞ்சிய பொழுது பெற்றோருடனும் இருத்தல் போதும் என்றது. அஃது எழுப்பிய பெரும்பூசலின் உட்பொருளை நோக்கின், எஞ்சிய பொழுதில் பிள்ளை எங்கே இருக்கும், யாது செய்யும் என்பதே வினாவாய் இருந்தமை புலனாகும். தந்தையின் தொழிலே மகனுக்கும் விதியாகும் என அஞ்சியவர்களின் எதிர்ப்பால், 1954 இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் 1956 இல் பகலுணவுத் திட்டம் வந்தது. 1982 இல் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாய் விரிந்தது. உணவு, கூலி இழப்பிற்கு ஓரளவு ஈடாயிற்று. 2002 ஆம் ஆண்டு அரசமைப்புத் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியதோடு, அதற்கு வாய்ப்பளித்தலைப் பெற்றோரின் கடமைகளுள் ஒன்றாகவும் சேர்த்தது. 2009 இல் இயற்றப்பெற்ற கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டுக் காலம் ஒரே திசையில் ஓடிய ஓட்டம் இது. 2020 இல் அவ்வோட்டம் திடீரென நின்று, பெற்றோர் முகத்தை நோக்கிற்று.

முற்காலத்துக் கொள்ளைநோய்

கொள்ளைநோய் இப்பள்ளத்தாக்கிற்குப் புதிதன்று. 1896 இல் பம்பாயில் தோன்றிப் பின்னர் நாடெங்கும் பரவி ஒரு கோடிக்கு மேற்பட்டோரை மாய்த்த பிளேக்கு நோய், தென்னாட்டில் நெடுங்காலம் வேரூன்றிய இடங்களுள் கம்பம் பள்ளத்தாக்கும் ஒன்று. ஜார்ஜ், வெப்ஸ்டர் என்னும் இருவர் இப்பள்ளத்தாக்கின் பிளேக்கைப் பற்றியே தனியாய்வு நிகழ்த்தி, அதன் முடிபுகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் 1934 இல் வெளியிட்டனர். எலி மடியத் தொடங்கின் வீட்டை விட்டு வெளியேறி வயல்வெளியிற் குடிசை அமைத்துத் தங்குதல் அக்காலத்துப் பிளேக்குத் தடுப்பின் பொதுமுறையாகும். ஊரே வெளியேறும் நிலையிற் பள்ளிக்கு அனுப்புவதா என்ற தனி வினா எழுதற்கு இடமில்லை. பெற்றோரும் பிள்ளையும் ஒரே குடிசையில் இருந்தனர். வேலையும் அவ்வயலிலேயே இருந்தது. எங்கே இருக்கும் என்ற வினாவிற்கு அக்காலத்தில் விடை எளிதாய் இருந்தது எனக் கருதுதல் பொருந்தும்.

அம்மை நோயின் நிலை வேறு. வாயிலில் வேப்பிலை செருகிய வீட்டிலிருந்து பிள்ளை வெளியே செல்லாது; பிறர் பிள்ளையும் அவ்வீட்டிற்குட் புகாது. இத்தடை எந்த அரசாணையாலும் வந்ததன்று. வீரபாண்டிக் கௌமாரியம்மனை வணங்கும் மக்களிடையே அது பண்டுதொட்டு வந்த வழக்கம். பெரியம்மை இந்தியாவை விட்டு 1975 இல் நீங்கிய பின்னரும், சின்னம்மைக்கு அவ்வழக்கமே நிலவி வருகின்றது. நோயுற்ற ஒரு பிள்ளையை நிறுத்துவது பெற்றோர் நன்கறிந்த செயல். நோயுறாத பிள்ளைகள் அனைவரையும் நிறுத்துவதே அவர்கள் அறியாதது.

1918 இல் உலகெங்கும் பரவிய நச்சுக் காய்ச்சலின்போது நியூயார்க்கு நகரம் மேற்கொண்ட முடிவு ஈண்டு ஒப்பு நோக்கத்தக்கது. அமெரிக்காவின் பெரும்பாலான நகரங்கள் பள்ளிகளை மூடின. நியூயார்க்கு, சிகாகோ முதலிய சில நகரங்கள் மூடவில்லை. நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் ஏழைப் பிள்ளைகள் வீட்டில் இருப்பதினும், மருத்துவரும் செவிலியரும் நாள்தோறும் பார்வையிடும் பள்ளியில் இருத்தலே நலம் என நியூயார்க்கு நலத்துறைத் தலைவர் கோப்லாண்டு வாதிட்டார். அவர் முடிவு சரியா தவறா என்பது இன்றும் பேசப்படுவதே. ஆயினும் பள்ளியில் இடர் உண்டா என்று மட்டும் கேளாமல், பள்ளி அல்லாத இடத்தில் இடர் எவ்வளவு என்றும் அவர் கேட்டார் என்பது குறிக்கத்தக்கது.

மூன்று விடைகள்

இனி 2020 ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளுக்கு வருவோம். மார்ச்சு நடுவில் தொடக்க வகுப்புகளுக்கு விடுமுறை விடப்பெற்று, கேரள எல்லையை ஒட்டிய தேனி முதலிய மாவட்டங்கள் தனிக் கவனத்திற்கு உள்ளாயின. மார்ச்சு 16 இல் வெளிவந்த அறிவிப்பின்படி மறுநாள் முதல் கல்வி நிலையங்கள் அனைத்தும் மூடப்பெற்றன. தேர்வுகள் மட்டும் நடைபெற்றன. பிளேக்கை முன்னிட்டு 1897 இல் இயற்றப்பெற்ற கொள்ளைநோய்ச் சட்டமே இவ்வாணைகளுக்கும் துணையாய் நின்றது.

பெற்றோரின் முதல் விடை, எவரும் வினவாமலே கிடைத்தது. மார்ச்சு 24, செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வின் இறுதி நாள். வேதியியல், கணக்குப்பதிவியல், புவியியல் ஆகியவற்றிற்குத் தேர்வு. அன்று மாலை 6 மணி முதல் 144 தடை நடைமுறைக்கு வரவிருந்தது. அத்தேர்விற்கு மாநிலமெங்கும் முப்பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் வரவில்லை. பன்னிரண்டு ஆண்டுப் படிப்பின் முடிவு நாளில் ஒரு பிள்ளை வாராதிருத்தல் சிறு செயலன்று. மாலையில் பேருந்து நின்றுவிடும் என்னும் அச்சமும் நோயச்சமும் அதில் ஒருங்கே கலந்திருந்தன. அவர்களுக்கென ஜூலை 27 இல் மறுதேர்வு வைக்கப்பெற்றது. பத்தாம் வகுப்புத் தேர்வோ பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, ஜூன் 9 இல் கைவிடப்பட்டது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களும் வருகைப் பதிவும் கொண்டு அனைவரும் தேர்ச்சி பெற்றனர். மலைக்கு அப்பால் கேரளமோ, அதே ஆண்டு மே 26 முதல் 30 வரை பத்தாம் வகுப்பிற்கும் மேனிலை வகுப்பிற்கும் எஞ்சிய தேர்வுகளை நடத்தி முடித்தது. ஒரே மலையின் இருபுறமும் ஒரே நோய்க்கு இரு வேறு முடிவுகள் எடுக்கப்பட்டமை, நோயின் அளவு மட்டுமே பள்ளியின் நிலையைத் தீர்மானிக்கவில்லை என்பதற்குச் சான்றாகும்.

செப்டம்பர் 24 இல் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பத்து முதல் பன்னிரண்டு வகுப்பு வரையுள்ள மாணவர், பெற்றோரின் எழுத்து இசைவுடன், ஐயம் தெளிதற்பொருட்டு அக்டோபர் 1 முதல் பள்ளிக்கு வரலாம் என்றது அது. இசைவுக் கடிதம் பேசப்பெற்றது அப்போதுதான். ஆயினும் ஒருவாரம் கழியுமுன், செப்டம்பர் 29 இல், அவ்வாணை நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர், ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகளை நவம்பர் 16 இல் திறப்பதாக அறிவிப்பு வந்தது. தீபாவளி நவம்பர் 14, மழைக்காலமும் அதுவே. கடைத்தெருக் கூட்டமும் அடைமழையும் முடிந்து நோய் மீண்டும் பெருகலாம் என்ற அச்சத்தால் எதிர்ப்பு எழவே, நவம்பர் 9 இல் பள்ளிதோறும் பெற்றோர் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்பெற்றது. மாறுபட்ட கருத்துகள் வந்தமையால் திறப்பை நிறுத்துவதாக நவம்பர் 12 இல் அரசு அறிவித்தது.

அந்த நவம்பர் 9 ஒரு திங்கட்கிழமை. கூட்டம் காலை 10 மணிக்கு. நேரில் வர இயலாதார் கடிதம் எழுதலாம் என்ற ஏற்பாடும் இருந்தது. நகரத்து அலுவலர்க்கு இவ்வேளை இடையூறு தருவதேயன்றி இயலாததன்று. ஏலம் பறிப்பு மும்முரமாய் நிகழும் மாதம் அது. கூலிக்குச் செல்லும் தாய் விடியுமுன்னரே வீட்டினின்றும் புறப்பட்டாக வேண்டும். பத்து மணிக்கு அவள் காட்டில் இருப்பாள். வர வேண்டுமாயின் ஒரு நாட் கூலியை விட வேண்டும். தாள் எடுத்துத் தம் கருத்தை வரைந்து தலைமையாசிரியர்க்கு அனுப்புதல் எழுத்தறிவு நிரம்பாத பெற்றோர்க்கு எளிய செயலன்று. ஆகவே, கருத்துக் கேட்பு எவ்வளவு நேர்மையாய் நடத்தப்பெற்றிருப்பினும், அதன் நாளும் பொழுதும் ஒருவகைப் பெற்றோரை முன்னிறுத்தி மற்றொரு வகையினரைப் பின்னுக்குத் தள்ளும் இயல்பின என்பது வெளிப்படை. நோய்க்கு அஞ்சிப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வசதியுள்ளோரின் குரல் அன்று மிகுதியாய்க் கேட்டிருத்தல் கூடும். இதனை அவர்கள் குற்றமாகக் கூறுதல் முறையன்று. அவர்கள் அச்சமும் மெய்யே.

இரண்டு திங்கள் கழித்து, 2021 ஜனவரி 6, 7, 8 ஆகிய நாள்களில் மீண்டும் கருத்துக் கேட்கப்பெற்றது. இம்முறை பெரும்பான்மையோர் திறக்க இசைந்தனர். ஜனவரி 19 இல் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தொடங்கின. வகுப்பிற்கு 25 பேர், வருகை கட்டாயமன்று, இசைவுக் கடிதம் மட்டும் கட்டாயம். கேரளத்தில் அதே இரு வகுப்புகள், அதே பெற்றோர் இசைவுடன், ஜனவரி 1 ஆம் நாளே தொடங்கிவிட்டிருந்தன.

இரண்டே திங்களில் பெற்றோர் உள்ளம் மாறியது எங்ஙனம்? நோய் தணிந்தது முதற் காரணம். 2020 ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலும் மாநிலத்தில் நாளொன்றுக்கு 6,000 ஐ ஒட்டியிருந்த புதிய நோயாளர் தொகை, 2021 ஜனவரி நடுவில் ஆயிரத்திற்கும் கீழே வந்தது. மழையும் தீபாவளியும் பெருங்கேடின்றிக் கழிந்தன. பொதுத் தேர்வு அண்மித்தமை மற்றொன்று. நவம்பரில் நான்கு வகுப்புகளுக்குக் கேட்கப்பட்டது. ஜனவரியிலோ தேர்வுக்குரிய இரண்டு வகுப்புகளே திறக்கப்பெற்றன. தேர்வை எதிர்நோக்கும் பிள்ளையின் தந்தைக்கும் ஏனையோர்க்கும் காலத்தின் மதிப்பு ஒன்றன்று. இவை தமிழகம் முழுமைக்கும் பொருந்துவன. கம்பம் பள்ளத்தாக்கிற்கே உரிய காரணங்களை இனிக் காண்போம்.

பள்ளத்தாக்கின் கணக்கு

ஊரடங்கின் தொடக்கத்தில் கணவாய்கள் மூடப்பட்டன. நாள்தோறும் எல்லை கடந்து சென்று மீளும் வழக்கம் நின்றது. கேரளம் இணையவழிப் பதிவும் அனுமதிச் சீட்டும் கேட்டது. வேலை நின்ற வீட்டில் பெற்றோரும் பிள்ளையும் ஒருங்கே இருந்தனர். அப்பொழுது வீடு என்ற சொல்லிற்கு நகரத்தார் கொண்ட பொருளே ஈண்டும் இருந்தது. அப்பொழுது பள்ளி திறந்திருப்பினும் பலர் அனுப்பியிரார். வருவாய் இல்லை, ஆயினும் பிள்ளை கண்முன் இருந்தது.

கணவாய் நெகிழ்ந்து மலைவேலை மீளத் தொடங்கியதும் கணக்கு மாறியது. தாயும் தந்தையும் ஏறிச் சென்ற பின், பகல் முழுதும் பிள்ளை வீட்டில் தனித்திருக்கும். அல்லது பாட்டன் பாட்டியிடம் இருக்கும். அல்லது உடன் செல்லும். இம்மூன்றனுள் ஒன்றே கொள்ளத்தக்கது. மலைத்தோட்டத்திலேயே தங்கி வேலை செய்யும் பெற்றோர், பள்ளிப்படிப்பின் பொருட்டுப் பிள்ளையைப் பள்ளத்தாக்கில் முதியோரிடம் விட்டுச் செல்லுதல் இப்பகுதியில் நெடுங்கால வழக்கம். கொரோனா நோயோ முதியோரையே பெரிதும் வருத்தியது. பள்ளிக்குச் சென்று மீளும் பிள்ளை தொற்றைக் கொணர்ந்தால், அதனால் முதலில் இடருறுபவர் அப்பிள்ளையை வளர்க்கும் பாட்டியே ஆவார். பிள்ளைக்குப் பள்ளி வேண்டும் என்பதும், பிள்ளையைக் காக்கும் கை நோயுறலாகாது என்பதும் ஒரே வீட்டில் எதிரெதிராய் நின்றன. இச்சிக்கலை ஆம், அன்று என்னும் இரு சொற்களுள் அடக்கிக் கையொப்பம் இடுமாறு அவர்கள் கேட்கப்பட்டனர்.

பதினான்கு முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளின் நிலை இன்னும் கூர்ந்து நோக்கற்பாலது. கருத்துக் கேட்பு நிகழ்ந்தது பெரும்பாலும் இவர்களைப் பற்றியே. கட்டாயக் கல்விச் சட்டம் பதினான்கு வயதோடு நிற்கின்றது. 2016 இல் திருத்தப்பெற்ற குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு நிரம்பியோர் இடர்மிக்க தொழில் அல்லாதவற்றில் ஈடுபடுவதைத் தடுப்பதில்லை. வயதால் சட்டத்தின் இரு வேலிகளையும் தாண்டியவர்கள் இவர்கள். திராட்சைத் தோட்டத்திலும் வாழைத் தோப்பிலும் இவர்களின் கைக்குக் கூலி உண்டு. ஒருநாட் கூலிக்குச் சென்ற பையன் மறுநாளும் செல்வான். கையிற் பணம் புழங்கிய பின்னர் மீளப் பள்ளிப் பலகையில் அமர்த்துவது எளிதன்று. பெண் குழந்தை எனின், மூடிய பள்ளி திருமணப் பேச்சிற்குத் திறந்த வாயிலாதலும் உண்டு. சட்டப்படி பதினெட்டு நிரம்ப வேண்டும் என்பது எல்லாரும் அறிந்ததே. ஆயினும் நாள்தோறும் புத்தகப் பையுடன் செல்லும் பெண்ணைக் கேட்டு வர உறவினர் தயங்குவர். வீட்டில் இருக்கும் பெண்ணைக் கேட்பதற்கு அத்தயக்கம் இல்லை. இசைவுக் கடிதத்தில் இட்ட கையொப்பம் சில வீடுகளில் நோயைப் பற்றிய முடிவாக மட்டும் இருந்திராது. இவ்விருவகை இழுப்புகளுக்கும் எதிராக இட்ட கையொப்பமாகவும் இருந்திருக்கும்.

அதே சட்டத்தில் மற்றொரு தொடரும் உண்டு. பதினான்கு வயதிற்குட்பட்ட பிள்ளை, பள்ளி நேரம் கழிந்த பின்னரும் விடுமுறை நாள்களிலும், குடும்பத்தின் இடரற்ற தொழிலில் உதவலாம் என்பது அது. பள்ளி நேரம் என்று ஒன்று இருந்தாலன்றோ அது கழிதல் கூடும்? பள்ளி மூடிய பத்தொன்பது திங்களும் சட்டத்தின் கண்ணில் நீண்டதொரு விடுமுறையாயின. 1953 இல் மூன்று மணி நேரப் பள்ளியை எதிர்த்தவர்கள் அஞ்சிய நிலை, எத்திட்டமும் இல்லாமலே, எவரும் விரும்பாமலே வந்து சேர்ந்தது.

தொலைக்காட்சி வழியும் அலைபேசி வழியும் பாடம் நடத்தப்பெற்றதை மறந்துரைத்தல் கூடாது. 2019 இல் தொடங்கப்பெற்ற அரசின் கல்வித் தொலைக்காட்சி அக்காலத்தில் பெருந்துணை புரிந்தது. ஆயினும் வீட்டிற்கு ஓர் அலைபேசி இருப்பின், அது காலையில் தந்தையோடு மலையேறிவிடும். மேகமலைத் தேயிலைத் தோட்டங்களிலும், குரங்கணி, கொட்டகுடி போன்ற மலைச்சிற்றூர்களிலும் கருவி இருப்பினும் அலை எட்டுதல் அரிது. வீட்டிலிருந்து கற்றல் என்னும் தொடர், வீட்டில் ஒருவர் இருப்பார், ஒரு கருவி இருக்கும், அதற்கு அலை எட்டும் என்னும் மூன்றனையும் உட்கொண்டு நிற்கின்றது. பள்ளத்தாக்கின் பெற்றோரிற் பலர்க்கு இம்மூன்றும் ஒருங்கே வாய்க்கவில்லை.

வினவப்படாதோர்

இதுகாறும் கூறியன உயர்வகுப்பினரைப் பற்றியன. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளின் பெற்றோரோ மேற்கூறிய இரு கருத்துக் கேட்புகளிலும் இடம்பெறவில்லை. இது வியப்பிற்குரியது. கட்டாயக் கல்விச் சட்டம் காப்பது அவ்வயதினரையே; அரசமைப்பு, கடமை என விதித்திருப்பதும் அவர்தம் பெற்றோர்க்கே. கடமை எவர்மீது சட்டப்படி சுமந்ததோ அவர்களிடம் அனுப்புவீர்களா என்று கேட்கப்படவில்லை. சட்டம் விட்டுவிட்ட வயதினரின் பெற்றோரே வினவப்பட்டனர். இதற்குக் காரணம் சட்டமன்று, பொதுத் தேர்வே. தேர்வு எவ்வகுப்பிற்கோ அவ்வகுப்பே முதலில் திறக்கப்பட்டது.

தென்மார்க்கு நாடு 2020 ஏப்ரல் 15 இல் சிறுவர் பள்ளிகளை முதலில் திறந்தது. மூத்த மாணவர் தாமே கற்க இயலும். சிறு பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு தாய் தந்தையர் வேலைக்குச் செல்ல இயலாது என்பது அதன் அடிப்படை. அந்நாட்டிற்கும் நம் நாட்டிற்கும் செல்வத்திலும் மக்கட்செறிவிலும் உள்ள வேற்றுமை பெரிது; அதனை அவ்வாறே பின்பற்றியிருத்தல் வேண்டும் என்பது எம் கருத்தன்று. ஆனால் அந்நாட்டார் தம் வரிசையை வகுத்தபோது, பிள்ளை எங்கே இருக்கும் என்ற வினா அவர்கள் முன் இருந்தது. நம் வரிசையை வகுத்தது தேர்வு அட்டவணை.

உயர்வகுப்பின் வரலாறும் நேராகச் செல்லவில்லை. 2021 பிப்ரவரி 8 இல் ஒன்பதும் பதினொன்றும் தொடங்கின. அத்திங்கள் 25 இல் ஒன்பது, பத்து, பதினொன்று ஆகிய வகுப்பினர் அனைவரும் தேர்வின்றித் தேர்ச்சி என அறிவிக்கப்பெற்றது. மார்ச்சு 22 முதல் அவ்வகுப்புகள் மீண்டும் மூடின. இரண்டாம் அலை எழுந்தது. ஜூன் 5 இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் கைவிடப்பட்டது. தேர்வை நினைந்து ஜனவரியில் கையொப்பம் இட்ட பெற்றோர்க்கு, அத்தேர்வு நடைபெறவே இல்லை. செப்டம்பர் 1 இல் ஒன்பது முதல் பன்னிரண்டு வகுப்புகள் மீளத் திறந்தன.

சிறுவர் வகுப்புகள் 2021 நவம்பர் 1 இல் திறந்தன. மலைக்கு அப்பால், கேரளத்திலும் ஒன்று முதல் ஏழு வரையுள்ள வகுப்புகள் திறந்த நாள் அதுவே. இடைப்பட்ட காலத்தில் சத்துணவிற்கு ஈடாக உலர் பொருள்கள் வீட்டிற்கு வழங்கப்பெற்றன. அரிசி வந்தது, ஆனால் பகலிற் சமைத்துப் பரிமாறும் கையும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் கண்ணும் அதனோடு வரவில்லை. திறப்பிற்குச் சில நாள் முன், அக்டோபர் 27 இல், தன்னார்வலர் மாலைப்பொழுதில் பிள்ளைகளின் குடியிருப்பருகே சென்று கற்பிக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கி வைக்கப்பெற்றது. மாலை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. தாய் மலையினின்றும் இறங்கும் வேளை அது.

நவம்பர் 1 ஆம் நாளும் வருகை கட்டாயமன்று. விரும்பாத பெற்றோர் அனுப்பாதிருக்கலாம் என்றே அரசு கூறிற்று. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பிற்குரிய வயதெய்திப் பெயர் பதிவு செய்யப்பெற்ற பிள்ளை, அன்று முதன்முதலாக வகுப்பறையினுள் நுழைந்தபோது இரண்டாம் வகுப்பு மாணவனாய் இருந்தது. எந்த அறை தன்னுடையது என்பதை அதற்கு ஆசிரியர் காட்டவேண்டியிருந்தது. அதனைக் கைப்பிடித்து அழைத்து வந்தவர், மலைக்குச் செல்லும் வீடுகளிற் பெரும்பாலும் பாட்டியாகவே இருந்திருப்பார். ஜீப்பு முன்னரே போய்விட்டிருக்கும்.